நாலாம் இலக்கத்துக்கு இரண்டு கோப்பி

அருமைராசா மாமா வியன்னாவில் இருந்தது ஐந்தே நாள். அந்த ஐந்து நாளைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கி ஐந்து கிழமை ஆகிவிட்டது. மொன்றியலின் புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர் வீட்டுக்கு யார் போனாலும் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் ஒஸ்ரியா வந்துவிடும். முருகன் கோயிலில் ஐயர் திருநீற்றுத் தட்டை நீட்டினால், ஒரு சிட்டிகை எடுத்துப் பூசுகிற இடைவெளியில்கூட 'ஒபெராவுக்குப் பின்பக்கம், அஞ்சு நட்சத்திர ஹோட்டல்' என்று ஒரு வரி அவர் வாயிலிருந்து உதிரும்.

அந்த இடத்துக்கு அரை நட்சத்திரம்கூட இல்லை என்பது, போய் வந்த மாமாவையும் மாமியையும் விட்டால், மொன்றியல் முழுக்க ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பிரஷாந்தினி. மாமாவின் தங்கை மகள், பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மூன்றாம் வருஷம். இணையத்தில் இரண்டு இரவு உட்கார்ந்து அந்த அபார்ட்ஹோட்டலைத் தேடிப் பதிந்து கொடுத்ததே அவள்தான்.

நடந்தது இதுதான். கோயிலில் இருக்கிற எல்லோரும் லண்டனும் பாரிசும் போய் வந்துவிட்டார்கள். போய் என்ன செய்தார்கள்? சித்தப்பா வீட்டுச் சோபாவில் படுத்து, சித்தப்பா வீட்டுச் சோற்றைத் தின்று, சித்தப்பாவின் வான் வண்டியில் போய்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதனால் சொந்தக்காரர் யாருமே இல்லாத ஊருக்குப் போவதுதான் 2007இல் புதுப் பெருமை. மாமாவின் இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. உலகப் படத்தில் விரலை ஓட்டி ஓட்டி, யாழ்ப்பாணத்தான் ஒருவனையும் தனக்குத் தெரியாத நகரமாக வியன்னாவைப் பிடித்தார். பிடித்த கையோடு மருமகளைக் கூப்பிட்டு, நகரத்துக்கு நடுவில் ஒரு ஹோட்டல் வேண்டும், விலை மட்டும் நடுவில் இருக்கக் கூடாது, அடியில் இருக்க வேண்டும் என்றார்.

அவள் கண்டுபிடித்தது ஒரு பழைய குடியிருப்புக் கட்டடம். பத்து வீடுகள். அதில் நாலை மட்டும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள், மற்ற ஆறிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வரவேற்பு மேசை கிடையாது, மணி அடித்தால் வர ஆளும் கிடையாது. கதவருகே ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதில் நாலு இலக்கத்தை அழுத்தினால் சாவி. உள்ளே இரண்டு கட்டில், இரண்டு அடுப்பு, நாலு கோப்பை. வாசலால் இறங்கினால் டிராம். பிரஷாந்தினி அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஏனென்றால் அவள் அந்த இடத்தைத் தேடியது மாமாவுக்காக மட்டுமல்ல.

பெப்ரவரி விடுமுறையில் வகுப்புத் தோழி கத்தரினோடு வியன்னா போய், ஒரு கிழமை கட்டடங்களைப் பார்த்து வரைவது என்பது அவளுடைய ஒரு வருஷத் திட்டம். மாமாவின் விரலும் அதே ஊரில் போய் நின்றது அவளுடைய அதிர்ஷ்டம். காசு அவளே சேர்த்துவிட்டாள். மிச்சம் இருந்தது அப்பாவின் ஒரு 'ஓம்'. அப்பா நகுலேஸ்வரன் செயின்ட்-மிஷேலில் பாண் பேக்கரியில் வேலை செய்கிறவர். ஒரு விஷயத்துக்கு ஓம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மச்சானின் வாயைப் பார்ப்பார். மாமா பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டுத்தான் அந்தக் குடும்பம் கனடா வந்தது. இருபது வருஷமாகியும் அந்தக் கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. ஆகவே பிரஷாந்தினியின் கணக்கு சுலபம்: மாமா போவார், 'எளிமையான இடம், பயமில்லாத இடம், சமைச்சுச் சாப்பிடலாம்' என்று வந்து சொல்வார், அப்பா தலையாட்டுவார்.

மாமா போனார். வந்தார். வந்து அரண்மனை கட்டினார்.

அந்த நவம்பர் ஞாயிறு, கோயில் முடிந்து பதினைந்து பேர் மாமாவின் நிலக்கீழ் அறையில் கூடியிருந்தார்கள். அங்கே ஒரு சுவரளவு தொலைக்காட்சி. அதில் கமெராவை வயரால் பூட்டி முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டுவது என்று மாமா முடிவெடுத்திருந்தார். கையில் ரிமோட், கழுத்தில் வியன்னாவில் வாங்கிய சால்வை. வீட்டுக்குள் வெப்பமூட்டி எரிகிறது, மனிதர் சால்வையைக் கழற்றவில்லை. சோபாவில் அப்பா முதல் வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரலைப் பார்க்கவே பிரஷாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படங்களில் மாமா எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். அரண்மனைக்கு முன்னால் நின்றார், அரண்மனை தெரியவில்லை. தேவாலயத்துக்கு முன்னால் நின்றார், கோபுரத்தின் நுனி மட்டும் அவர் தலையில் முளைத்த கொம்பு மாதிரித் தெரிந்தது. உலகத்தில் மனிதர் கட்டியதில் மிக அழகான சில சுவர்களை இந்த மனிதர் முதுகால் மறைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு படத்தில் சமையல் மூலையின் கரை எட்டிப் பார்த்தது. மாமா ரிமோட்டை இரண்டு தரம் அழுத்தித் தாண்டினார்.

பிறகு சேவையைப் பற்றித் தொடங்கினார். அங்கே ஆட்களை நடத்துகிற விதமே வேறாம். முதல் நாள் போய் இறங்கியபோது ஒருவரையும் காணவில்லை என்பது உண்மைதானாம். ஆனால் அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தால், ஹோட்டல் மனுசி கதவுக்கு வெளியே உள் நடையில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாளாம். பெயர் அக்னெஸ். மாமா தன் கதவு இலக்கத்தைக் காட்டி, நாலாம் இலக்கத்துக்கு இரண்டு கோப்பி, ஒன்றுக்குச் சீனி வேண்டாம் என்று சொன்னாராம். மனுசி கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய், பத்தாவது நிமிஷம் வெள்ளித் தட்டில் கொண்டுவந்தாளாம். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்குக் கோப்பி. இரண்டாம் நாள் மாமா ஊத்தைச் சேர்ட்டுகளை ஒரு பையில் போட்டு அவளுடைய கதவுப் பிடியில் தொங்கவிட்டாராம். பின்னேரம் சேர்ட்டெல்லாம் தோய்த்து, சுருக்கமில்லாமல் அழுத்தி வந்துவிட்டதாம்.

பிரஷாந்தினியின் கையில் இருந்த வடை வாய்க்குப் போகாமல் நின்றது. அந்தக் கட்டடத்தில் வேலைக்காரரே கிடையாது. அவளுக்கு விளம்பரத்தின் ஒவ்வொரு வரியும் பாடம்.

அடுத்த படம் வந்தது. ஒரு திறந்த கதவு. எழுபது வயதிருக்கும் வெள்ளைக்காரி, வீட்டுச் சப்பாத்தும் பூப்போட்ட மேலங்கியும் போட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு வாசலில் நின்றாள். காலுக்குள் ஒரு சாம்பல் பூனை. பின்னால் சுவரில் பேரப்பிள்ளைகளின் படங்கள். கதவில் குடும்பப் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. பக்கத்தில் மாமா கையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துரை கூலியோடு படம் எடுத்த தோரணையில்.

"மாமா, உவ வேலைக்கு வரேக்க பூனையையும் கொண்டே வாறவ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமா திரும்பவில்லை.

"ஐரோப்பாவில அப்பிடித்தான் பிள்ளை. நீ போய்ப் பார்த்தனியே?"

அது பிரஷாந்தினிக்குச் சரியான இடத்தில் குத்தியது. அப்பா அந்த நேரம் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அதெல்லாம் எங்களைப் போன்ற ஆட்களுக்குச் சரிவராது, தட்டில் கோப்பி வருகிற இடத்தில் ஒரு கிழமை இருக்க எங்கே போவது, அதுவும் கண்ட ஆட்களெல்லாம் அறைக்குள் வந்துபோகிற இடத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளையை விடலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மாமாவின் அரண்மனைக்கு ஒவ்வொரு கல் ஏற ஏற, அவளுடைய பெப்ரவரி ஒவ்வொரு நாளாய்க் கழிந்தது.

அவள் எழும்பி மேலே குசினிக்குப் போனாள். சிவமலர் மாமி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அந்த மனுசி பக்கத்து வீட்டுக்காறி."

மாமி ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஓம் என்றாள். இரண்டாம் நாளே தெரியும் என்றாள். சேர்ட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அக்னெஸ் கதவைத் தட்டியபோது மாமா குளித்துக்கொண்டிருந்தாராம். மாமி அதை வாங்கி, மாமா அரண்மனை பார்க்கத் தனியே போன நேரம் குளியல் தொட்டியில் தோய்த்து, அக்னெஸிடமே அழுத்திப் பெட்டி இரவல் வாங்கி அழுத்தினாளாம். கோப்பிக்குப் பதிலாகத் தினமும் இடியப்பமும் சம்பலும் அந்த வீட்டுக்குப் போனதாம். கடைசி நாள் இருவரும் முகவரி மாற்றிக்கொண்டார்களாம்.

"ஏன் மாமாவுக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா மிச்ச மூண்டு நாளும் அறைக்குள்ள இருந்து கத்தியிருப்பார். நான் ஊர் பார்க்கப் போனனான் பிள்ளை. அவரைத் திருத்தப் போகேல்லை."

பிரஷாந்தினி கெஞ்சினாள். அப்பாவுக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லச் சொன்னாள். மாமி தட்டைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் போகட்டும், பேந்து பார்ப்போம் என்றாள். பேந்து என்றால் அந்த வீட்டில் எப்போது என்று பிரஷாந்தினிக்குத் தெரியும். மாமி இருபத்தைந்து வருஷமாகப் பேந்துதான் பார்க்கிறாள்.

கீழே இறங்கினால் மாமா இன்னும் அக்னெஸின் படத்தை மாற்றவில்லை. வெள்ளைக்காரரிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும், கொஞ்சம் அதட்டலாகக் கேட்டால்தான் மதிப்பார்கள் என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த மனிதர் தன் தட்டில் கிடப்பது பூசணிக்காய் என்றே தெரியாமல் ஊருக்குப் பந்தி வைக்கிறார். அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"மாமா, அது வேலைக்காறி இல்லை. பக்கத்து வீட்டு மனுசி. ஆரெண்டே தெரியாத உங்களுக்கு ஒவ்வொரு நாளும் தன்ரை வீட்டுக் கோப்பியைப் போட்டுத் தந்திருக்கிறா."

மாமா சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. மாமியைப் பார்த்தார். மாமி படியில் தட்டோடு நின்றாள்.

"ஓம்," என்றாள். "சேர்ட்டு தோய்ச்சது நான்."

யாரோ ஒருவர் வடையோடு புரையேறி இருமினார். மற்றவர்கள் அவருடைய முதுகில் தட்டுவதற்கு நன்றியோடு திரும்பினார்கள். மாமா கழுத்துச் சால்வையை மெதுவாகக் கழற்றி மடித்தார். மிச்ச நூற்றுச் சொச்சப் படத்தையும் அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

காரில் அப்பா நெடுஞ்சாலை நீளத்துக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தே ஓட்டினார். பதினைந்து பேருக்கு முன்னால் மச்சானைத் தலைகுனிய வைத்தாயிற்று. பெப்ரவரி போய்விட்டது, அடுத்த பெப்ரவரியும் போய்விட்டது என்று பிரஷாந்தினி முடிவு கட்டினாள். செயின்ட்-மிஷேலுக்கு இறங்குகிற இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது.

"அந்த மனுசி அத்தனை நாளும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையப்பா."

"துரையைப் போல அதட்டினவருக்கும் கோப்பி குடுத்தவவோ?"

"ஓம்."

விளக்கு பச்சையானது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"உள்ளுக்கு அடுப்பு இருக்கோ?"

"ரெண்டு இருக்கு."

"அப்ப போ. ஆனா அந்த இடத்திலதான் நிக்கோணும், அந்த மனுசியின்ரை கதவுக்கு முன்னால. வேற ஹோட்டல் கதை கதைக்கக் கூடாது. போனவுடனை மாமாவுக்காக மன்னிப்பும் கேள்."

யாருடைய கண்ணும் படாத ஊர் என்பதும் அவள் வியன்னாவைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். இப்போது அங்கேயும் எதிர்க் கதவில் ஒரு மாமி. பரவாயில்லை. கட்டடங்கள் இடம் மாறாது.

அடுத்த ஞாயிறு கோயிலில் அவள் அப்பாவோடு பிரகாரம் சுற்றி வந்தாள். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை, திங்கட்கிழமை அதற்குக் காசு எடுக்க அப்பா வங்கிக்குக் கூட வருவதாகச் சொல்லியிருந்தார். தூண் ஓரத்தில் மாமா, சால்வையோடு, சுற்றிவர நாலு பேர். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். மாமா மீசையே வைப்பதில்லை, அவருக்கு மண் ஒட்ட இடமே இல்லை.

"இஞ்ச வா பிள்ளை," என்று கையைக் காட்டினார். பிறகு அந்த நாலு பேரிடமும் சொன்னார்: "இவள் மாசியில வியன்னா போறாள். அங்கை எங்கடை ஆள் ஒராள் இருக்கிறா, அக்னெஸ் எண்டு. நான் போகேக்க ஒழுங்குபண்ணி வைச்சனான். விடிய எட்டு மணிக்குக் கோப்பி வந்திடும். என்ன பிள்ளை?"

அப்பா அவளைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். அவள் நாக்கின் நுனியில் ஆறேழு பதில்கள், ஒவ்வொன்றும் போன கிழமைச் சொல்லைவிடக் கூர். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு இரவு இருந்தது.

"ஓம் மாமா," என்றாள். சொன்ன வாய் கசந்தது. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.