கசப்புக் கிழங்கு ரொட்டி

கல்கத்தாவில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறிச் செங்கல்பட்டு வந்து சேர்ந்த நாள் முதல் அப்பாசாமிக்கு ஒரே புலம்பல். "நம்ம ஊரு கெழங்கு ரொட்டி ஒண்ணு சுட்டுக் குடு காசி. இந்தக் கூழு தொண்டையில எறங்கல."

வெள்ளைக்காரன் தோட்டத்தில் கரும்பு வெட்டப்போன அப்பனுக்கு, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் டெமராராவில் பிறந்தவன் அவன். சொந்த ஊர் சொந்த ஊர் என்று உயிரை வாங்கி, 1955இல் பெண்டாட்டியையும் கப்பலேற்றி இழுத்து வந்தான். அங்கேயே பிறந்த காசியம்மாள் வரமாட்டேன் என்று அழுதாள். அழுதவள் முணுமுணுக்காமல் கூழ் குடித்தாள். ஆசைப்பட்டு வந்தவனுக்குத்தான் நாக்கு கேட்டது. ஆம்பிளையின் ஊர்ப்பற்று இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, அப்பாசாமியின் பெரியப்பா மகன் ராஜாராம் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். கொல்லையில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகக் காசியம்மாள் வேண்டாத சாமி இல்லை.

வேலியோரம் மரவள்ளி மண்டிக் கிடந்தது. கசப்பு ஜாதி, அவித்தாலும் வாயில் வைக்க முடியாது என்று யாரும் தோண்டுவதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டிக்குத் தோதான கிழங்கே அதுதானே! வீட்டுக்கே சுட்டுப் போட்டு ராஜாராம் மனசைக் குளிர வைத்துவிடலாம் என்று கிளம்பினாள்.

தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை குத்தித் துருவியாக்கினாள். கிழங்கைத் தோல் சீவித் துருவி, பழைய வேட்டியில் முடிந்து, முறுக்கிப் பிழிந்தாள். அந்தப் பால்தான் விஷம். அது போய்விட்டால், மீந்த மாவைச் சலித்து, உப்புப் போட்டுக் கல்லில் பரப்பிச் சுட்டுத் தின்னலாம், ஒன்றும் செய்யாது. அவள் பிறந்த இடத்தில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். கோழி வாய்வைக்கக் கூடாதென்று பாலைப் பானையில் பிடித்து மூடி வைத்தாள். அப்புறம் குழி தோண்டிக் கொட்டலாம் என்று அடுப்பு மூட்டப் போனாள்.

அங்கேதான் அவள் கெட்டாள். இந்த ஊரில் பானையில் வெள்ளையாக என்ன தண்ணீர் இருந்தாலும் அது மாட்டுக்கு. அரிசி களைந்ததா, கஞ்சி வடித்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ராஜாராமின் பெண்டாட்டி செங்கம்மாளும் கேட்கவில்லை. தூக்கிக் கழுநீர்த் தொட்டியில் சாய்த்துவிட்டாள்.

ரொட்டி கல்லில் வெந்துகொண்டிருந்தபோது மாடு அலறியது. காசியம்மாள் ஓடிவந்து பார்த்தால், காலை உதறிக்கொண்டு, நுரை தள்ளிக் கிடந்தது. வீட்டுக்கு இருந்த ஒரே கறவை. புளியைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

"இன்னாம்மே வெச்சே அந்தப் பானையில?" என்று ராஜாராம் கத்தினான்.

"கெழங்குப் பாலு மாமா. கொட்டத்தான் வச்சிருந்தேன். அக்கா அதத் தூக்கி..."

"கேட்டியாய்யா! வெசம் வெச்சவ நல்லவ, ஊத்துன நான் கெட்டவளா?" என்று செங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "நம்ம எல்லாத்துக்கும் வெசம் சுட்டுகினு கீறா!"

வேலியோரம் ஊரே கூடிவிட்டது. காசியம்மாள் ஒரு ரொட்டியைப் பிட்டு எல்லார் எதிரிலும் வாயில் போட்டாள். மீதியைப் புருஷனிடம் நீட்டினாள்.

"நீ சொல்லு. பொறந்ததுலேர்ந்து இதத்தானே தின்னோம். தின்னு காட்டு."

ராஜாராம் தம்பி பக்கம் திரும்பினான். "ஏண்டா, மெய்யா? நீ துன்னுகீறியா இத்த?"

அப்பாசாமி செத்த மாட்டைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கை மட்டும் நீளவில்லை.

"நான் எங்கண்ணா துன்னேன்? அது இவ ஜனங்க பயக்கம். எங்க வூட்ல சோறுதான்."

வாயிலிருந்ததை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்த ஆளை நம்பியா கடல் தாண்டினோம் என்று நினைத்தாள்.

"குடிசை போட்டுக்கோ, நீ மட்டும்," என்றான் ராஜாராம். "இவள எங்கனா அனுப்பிடு. யாரு கீறாங்க இவளுக்கு?"

கப்பல் திரும்பிப் போய்விட்டது என்பது அப்பாசாமிக்கும் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"எங்களோட வந்தவங்க கொஞ்சம் பேரு கல்கத்தாவுலயே தங்கிட்டாங்கண்ணா," என்றான். "அங்க வுட்டுடலாம்."