மருந்து விடாத வலது கண்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல, எதிர்வீட்டு அஞ்சம்மாளுடையது. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு நின்ற நேரத்தில் அவளாகச் சொன்னது பாதி. நான் தோண்டித் துருவிக் கேட்டு வாங்கியது கால். மிச்சக் கால், அவள் தங்கச்சியோடு போனில் பேசும்போது என் ஜன்னல் திறந்திருந்ததால் வந்தது. (ஜன்னல் என்னுடையது. காற்று வர வேண்டாமா?)

எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

‘கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மேல் விடியல் மெல்லப் படர்ந்த அந்த’

வேண்டாம். அங்கே படர்வது இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை. விடியல் அதற்குப் பின்னால் எங்கேயோ முறை வரும்வரை நிற்கும்.

‘அந்த வெள்ளை முயல் தன் சிவந்த கண்களால் அவளை’

இதுவும் வேண்டாம். அந்த ஜாதி முயலுக்குப் பிறவியிலேயே சிவப்புக் கண். அதைச் சோகம் என்று எழுதி உங்களை அழவைத்தால் மோசடி.

‘அஞ்சம்மாளுக்குப் பொறாமை.’

இது நிற்கிறது. இதிலிருந்தே போவோம்.

2.

இரண்டாயிரத்து ஆறில் அவள் வேலை பார்த்த இடத்துக்கு வேறு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் ‘முசல் கம்பெனி’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் வக்கீல் வருவார், அவருக்கு டீ போட என்னால் ஆகாது.

பாத்திரம் கழுவுகிற திரவமோ, தரை துடைக்கிற மருந்தோ, கடைக்கு வருமுன் அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நம் கண்ணில் விட்டுப் பார்க்க நாம் சம்மதிப்போமா? ஆகவே முயல். இடது கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். வலது கண்ணைத் தொடவே மாட்டார்கள், அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. கொஞ்ச நேரம் கழித்து இமையைப் பிரித்து உள்சதை எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மறுநாள் பார்ப்பார்கள், அதற்கு மறுநாளும். தொடாத கண்ணும் சிவந்துபோனால் எல்லாம் குப்பை. வேறொரு முயலைக் கொண்டுவந்து திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முயலைப் பிடித்துக்கொள்வது அஞ்சம்மாளின் வேலை.*

* காலையில் உள்ளே போகுமுன்னும், சாயங்காலம் வெளியே வருமுன்னும் குளித்து உடை மாற்ற வேண்டும். பூ, பவுடர், நகப்பூச்சு எதுவும் கூடாது. காலையில் பூவோடு பஸ் ஏறியவள் சாயங்காலம் பூ இல்லாமல், தலை ஈரமாக இறங்குவாள். தெரு இதைப் பற்றி நிறையப் பேசியது. அந்தப் பேச்சைத் தொடங்கியது யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

3.

பர்ஹானா பழவேற்காட்டுப் பெண். அப்பா ஹபிபுல்லாவுக்கு அங்கே வலை, கயிறு வியாபாரம். இவள் விலங்கியல் படித்துவிட்டு முசல் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமானால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் பொன்னேரி மாப்பிள்ளையோடு நிக்காஹ். இதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு.

அவள் வருவதற்கு முன்னால், மேற்பார்வையாளர் ஆசீர்வாதம் சார் முயலின் கண்ணைப் பார்த்துவிட்டு, “அஞ்சம்மா, நீயும் ஒரு பார்வ பாரு. செவப்பு ஜாஸ்தியா, கம்மியா?” என்பார். விதிப்படி அவள் பார்வைக்கு மதிப்பே கிடையாது. ஆனாலும் கேட்பார். அவள் டார்ச்சை வாங்கிக் குனிவாள். அந்தக் குனிதலை எங்கள் தெருவில் எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறாள் தெரியுமா!

பர்ஹானா வந்த பிறகு டார்ச் பர்ஹானாவிடம் போனது.

அதைக்கூட அஞ்சம்மாள் பொறுத்திருப்பாள். படித்த பெண், போகட்டும். ஆனால் முயல்கள்!

“என் கைல இருந்தா ஒதறுது. அது கைல குந்திக்கினு கண்ண மூடிக்கினு தூங்குதுக்கா. நாலு வருசமா தீனி போடறவ நானு. பீ வாரிக் கொட்டறவ நானு.”

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. முயல் யார் மடியில் தூங்குகிறது என்பதற்கெல்லாம் ஒருத்தி வயிறு எரிவாளா? வாசகர் நம்ப மாட்டார் என்று அவளிடமே சொன்னேன்.

“மேல்வூட்டுக்காரி ஃபிரிட்ஜ் வாங்குனப்ப நீ மூணு நாளு யார்கூடயும் பேசல. உனுக்கு ஃபிரிட்ஜப் பாத்து எரியலாம், எனுக்கு முசலப் பாத்து எரியக் கூடாதா?”

சரி, நம்புங்கள்.

(பர்ஹானாவை ஒரு கர்வக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அஞ்சம்மாளே ஒத்துக்கொள்ளவில்லை. “அதான் பேஜாரே. நல்ல பொண்ணுக்கா அது. திட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.)

4.

பர்ஹானா தனியாகப் பொறுப்பேற்ற முதல் சோதனை அது. அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள் என்று ஆசீர்வாதம் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

காலையில் சொட்டு விட்டாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் பர்ஹானா ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

“அக்கா, உம்மா செஞ்ச இறால் ஊறுகா. காரம் ஜாஸ்தி, பாத்து சாப்பிடுங்க.”

“எனுக்கு இன்னாத்துக்கு? ஆபீசருங்க சாப்பிடறது.”

“அக்கா, ஓவராப் பண்ணாதீங்க. உங்களுக்குன்னுதான் கேட்டு வாங்கியாந்தேன்.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாளாம், ஆனால் வாசனை விடவில்லையாம். தின்றாள். விரலைச் சூப்பினாள். ‘ஊறுகாயும் நன்றாகவே இருந்து தொலைத்தது’ என்பது என் வரி. அவள் சொன்னதற்கு இதைவிடக் காரம் ஜாஸ்தி.

பிறகு இருவரும் உள்ளே போனார்கள். (நடுவில் சாப்பாட்டுக்கு வந்துபோனால் குளியல் கிடையாது, கை கழுவினால் போதும்.) கையுறை போட்டுத்தான் முயலைத் தொட வேண்டும். ஆனால் அஞ்சம்மாளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரப்பர் வாசனைக்கு முயல் மிரளும் என்று, வலது கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் காதிலிருந்து கண்வரை தடவிக்கொடுப்பாள். யாரும் தடுத்ததில்லை. அவளுக்கு அது ஒரு பெருமையும்கூட.

அன்றைக்கு முயல் தலையைத் திருப்பி, பர்ஹானாவின் கைமடிப்புக்குள் மூக்கை நுழைத்தது.

அஞ்சம்மாள் கையுறையைக் கழற்றினாள். “இங்க வாடி” என்று அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தடவினாள். வலது பக்கம். காது, கன்னம், கண்ணோரம்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. ‘அவள் வேண்டுமென்றே’ என்று தொடங்கியது. அதை எடுத்துவிட்டு, ‘அவள் வழக்கம்போல’ என்று போட்டேன். பிறகு அதையும் எடுத்துவிட்டேன்.]

“கை கழுவுனியா?” என்று கேட்டேன்.

“கழுவாம இருப்பனா?”

“சோப்புப் போட்டா?”

“நீ இன்னா போலீசா?”

5.

மறுநாள் காலையில் ஆசீர்வாதம் சார் வாசல் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். பர்ஹானா முயலை மேசைமேல் வைத்து இடது கண்ணைப் பார்த்தாள். லேசான சிவப்பு, எதிர்பார்த்ததுதான். பிறகு வலது கண். இமையைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி பார்த்தாள்.

“அக்கா,” என்றாள், வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. “கொஞ்சம் வாங்களேன். இந்தக் கண்ணு செவந்திருக்கா? இல்ல, எனக்குத்தான் பயத்துல அப்டித் தெரியுதா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க இன்னா சொல்றீங்களோ அதையே எழுதிக்கறேன்.”

டார்ச்சை நீட்டினாள்.

அஞ்சம்மாள் வாங்கினாள். குனிந்தாள். அந்த நொடியில்கூட அவள் கவனம் முதலில் போனது முயலிடம் அல்ல, ஆசீர்வாதம் சார் இதைப் பார்க்கிறாரா என்றுதான். இதை அவளே சொன்னாள், வெட்கப்படாமல்.

சார் பார்க்கவில்லை.

முயல் அசையாமல் இருந்தது. இமைக்குள் சிவப்பு இருந்தது. தெளிவாகவே இருந்தது.

6.

இனி முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்துவிட்டேன்.

‘செவந்துதான் இருக்கு’ என்கிறாள். முழு உண்மை. சோதனை குப்பை, பர்ஹானா திரும்பப் பழவேற்காடு, பொன்னேரி மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை. இன்னொரு முயலுக்கு இன்னொரு சொட்டு. டார்ச் பழையபடி அஞ்சம்மாளிடம். உண்மையைச் சொல்பவள்தான் நல்லவள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் இந்த உண்மை அவள் நாக்கில் தேனாய் இனிக்கும். அதனாலேயே அதை அவள் வாயில் வைக்க எனக்குப் பயம்.

‘ஒண்ணுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்குது’ என்கிறாள். பச்சைப் பொய். பெண்ணும் பிழைப்பாள், தன் விரலையும் யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். இது இரக்கமா தப்பித்தலா? எழுதுகிற எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்படியே அந்தத் திரவம் கடைக்கு வந்தால், உங்கள் சமையலறை மேடைக்கும் வரும்.

‘என் கைதான் பட்டுச்சு’ என்கிறாள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும், தெரியும். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நிம்மதியாகச் சோறு தின்னப் போவீர்கள். வேலை போவது அவளுக்குத்தானே! அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மூன்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தான் எழுதிக்கினுகீற.”

“நெஜமா நீ இன்னாதான்டி சொன்ன?”

“என் எடத்துல நீயா இருந்தா இன்னா சொல்லுவ?”

என் வாயை அடைக்க இந்தத் தெருவில் இதுவரை ஒருவராலும் முடிந்ததில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. குடம் தளும்பத் தளும்ப நடந்து உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதை அச்சில் போட மாட்டேன்.

ஆகவே நீங்கள் வாருங்கள். இந்தாருங்கள் டார்ச். பர்ஹானா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் உங்களைவிடக் கெட்டிக்காரி, உங்களைவிட நல்லவள், உங்கள் முயல் அவள் கையில்தான் தூங்கும். நன்றாகக் குனிந்து பாருங்கள்.

என்ன சொல்கிறீர்கள்?

சத்தமாக வேண்டாம், என் காதோடு சொன்னால் போதும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.