மூன்று பள்ளிக்கும் ஒரு வகுப்பு

நாலு மாதமாய் நாயாய் அலைந்துதான் வாமதேவன் அந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்தான். லா சப்பல், வில்லியே லே பெல், ஓல்னே என்று பிரெஞ்சுத் தலைநகரிலும் புறநகரிலுமாக மூன்று இடத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிகள். ஏதோ ஒரு விழாவில் யாருடைய பிள்ளைக்கு முதற்பரிசு என்று தொடங்கிய சண்டையில், பத்து வருடமாய் முகத்துக்கு முகம் பார்க்காதவர்கள். அவர்களை ஒரு மேசைக்குக் கொண்டுவருவது என்ன லேசுப்பட்ட காரியமா? எல்லாருடைய காலையும் கையையும் பிடித்தான்.

சேர்ந்தால் ஆசிரியர்களைப் பகிரலாம், மண்டபத்தைப் பகிரலாம் என்று ஊருக்குச் சொன்னான். உள்ளே இருந்தது வேறு. பேச்சு வராத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு வேண்டும். தனித்தனியே எந்தப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது, மூன்றும் சேர்ந்தால் முடியும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற கஜனி என்ற பெண் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க வரச் சம்மதித்திருந்தாள்.

அவனுடைய மகன் சாருஜனுக்கு ஆறு வயது. இன்னும் "அம்மா" என்றுகூடச் சொன்னதில்லை. எது வேண்டுமானாலும் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பான். சிகிச்சைக்குப் பதிந்த இடத்தில், முறை வரும்வரை வீட்டில் பிரெஞ்சு மட்டும் கதையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தாய் கோசலைக்குத் தெரிந்த பிரெஞ்சு கடைக்குப் போய்வரப் போதும், பிள்ளையைக் கொஞ்சப் போதாது. அதோடு அவளும் வாயை மூடிக்கொண்டாள். வெளியாட்கள் கேட்டால், "அவனுக்கு வெக்கம், வீட்டிலை ஓயாமல் கதைப்பான்" என்பான் வாமதேவன். பரம்பரை வருத்தமோ என்று சனம் தோண்டும் என்ற பயம்.

"இண்டைக்கு முடிச்சுக்கொண்டு வாங்கோ. எனக்கு இனி ஏலாது" என்று சொல்லித்தான் கோசலை அவனை அனுப்பியிருந்தாள்.

லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடி. கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்துக்கும், வெளியே மேம்பாலத்தில் போகிற மெத்ரோ ரயிலின் இரைச்சலுக்கும் மேலாகக் கத்தித்தான் கதைத்தார்கள். மண்டபம், சோதனை, ஆசிரியர்கள் எல்லாம் மளமளவென்று முடிந்தன. பிறகு கஜனி எழுந்தாள்.

"ஆறு பிள்ளையளாவது இருந்தா நான் வருவன். இல்லாட்டி லியோன் நகரத்திலை ஒரு வேலை கிடைச்சிருக்கு, அதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

பெயர்களைப் பிறகு தனித்தனியே கேட்பதாகத்தான் வாமதேவன் அவளோடு பேசி வைத்திருந்தான். கூட்டத்துக்குத் தலைமை வகித்த நகைக்கடைக்காரர் பத்மசீலன் விடுவாரா?

"இதிலை என்ன ஒளிப்பு மறைப்பு? இனி நாங்கள் ஒரு குடும்பம். பேச்சு வராத பிள்ளை ஆரிட்டை இருக்கு? கையைத் தூக்குங்கோ, எண்ணுவம்."

ஒரு கை எழும்பவில்லை. கடைசி வரிசையில் ஓல்னேயிலிருந்து வந்த நீக்கிலாஸ் இருந்தான். மன்னார்க்காரன், சமையல் வேலை. சிகிச்சைக்குப் பதிந்த அதே இடத்தில் வாமதேவன் அவனை மகளோடு கண்டிருக்கிறான். இருவரும் காணாதவர்கள் மாதிரிப் போனை நோண்டினார்கள். இப்போது நீக்கிலாஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தூக்கினால் இவனும் தூக்குவான், இவனைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள் என்று வாமதேவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை மடியிலேயே கிடந்தது.

"தலைவர், எங்கட பிள்ளையளுக்கு வாய் கூடிப்போச்சு. குறைக்கிறதுக்கு ஒரு வகுப்பு வையுங்கோ!" என்றார் யாரோ. சபை கொல்லென்று சிரித்தது. வாமதேவனும் சிரித்தான், பாவி.

"வாமதேவன், உம்மட பெடியனும் நல்லாக் கதைப்பான்தானே?" என்று பத்மசீலன் அவன் பக்கம் திரும்பினார்.

"ஓம் அண்ணை. வாயே மூடமாட்டான்."

நாலு மாத அலைச்சலும் அந்த ஒரு சொல்லில் நாசமாய்ப் போனது. அந்த வகுப்புக்கென்று வைத்திருந்த நேரத்தை ஆண்டுவிழா ஒத்திகைக்கு ஒதுக்கினார்கள்.

படிக்கட்டின் கீழே நீக்கிலாஸ் நின்றான். "அண்ணை, நீங்கள் தூக்குவியள் எண்டு உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீர் தூக்கியிருக்கலாமே?" என்று வாமதேவன் சீறினான்.

"ஓம். நானும் தூக்கேல்லைத்தான்."

இப்பவும் ஏறிப்போய்ச் சொல்லலாம். இருவருமே படிகளைப் பார்த்தார்கள். மேலேயிருந்து இன்னும் சிரிப்புக் கேட்டது. அதற்குள் கஜனி இறங்கி வந்தாள். "நல்லதுதானே அண்ணா, ஒருத்தருக்கும் தேவைப்படேல்லை" என்று உண்மையான சந்தோசத்தோடு கை கொடுத்தாள். வாமதேவன் அந்தக் கையைக் குலுக்கி, லியோனுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினான். நீக்கிலாஸ் ரயிலுக்கு நடந்தான்.

வில்லியே லே பெல்லில் வீட்டுக் கதவைத் திறந்த கோசலை செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்னவாம்?"

"ஒருத்தரும் கை தூக்கேல்லை."

"ஒருத்தருமோ?" அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்கள்?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள். ஐயோ, அவள் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

சத்தம் கேட்டுச் சாருஜன் வந்தான். வழக்கம்போலத் தகப்பனின் வலது கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனான். பிஸ்கட் டின் மேல்தட்டில் இருந்தது. பிள்ளை நுனிக்காலில் எக்கி, தன்னுடைய இரண்டு கையாலும் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.