மூக்கன் சேர்த்த பாதி

“இது புத்தகத்துல உள்ளதா, இல்ல நீயா சேர்த்துக்கிட்டதா?” என்று கேட்டாள் மூக்கனின் மனைவி அழகி. களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு நின்றுவிட்டது.

“கேட்டதைத்தான் சொல்றேன்” என்றான் மூக்கன்.

“அமெரிக்காவுல ஏதுய்யா கண்மாய்? அந்தச் சாமுவேலு கண்மாய்க்கரையில உக்காந்து அழுதான்னு சொல்றியே.”

மூக்கன் அடுப்புத் தீயைத் தள்ளிவிடுவதுபோலக் குனிந்துகொண்டான். கண்மாய் அவன் சேர்த்ததுதான்.

அவன் பொய் சொல்கிறவன் அல்ல. இப்படி நேர்ந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்த அந்த ஊரில், எண்ணெய்க் கடை ஆண்டியப்பன் தம் வீட்டு முன்கூடத்தை வாசகசாலைக்கு விட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூட வாத்தியார் நல்லதம்பி அங்கே, அமெரிக்காவில் சாமுவேல் என்ற கறுப்பன் பட்ட பாட்டைச் சொல்லும் ஒரு புத்தகத்தை உரக்கப் படிப்பார். உலகச் சண்டைக் காலம், மண்ணெண்ணெயை அளந்துதான் கொடுத்தார்கள். அதனால் பொழுது சாய்வதற்குள் படித்து முடிக்க வேண்டும். கூடத்துக்கு வெளிச்சம் தருவது மேற்குச் சன்னல் ஒன்றுதான். வாத்தியார் அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்காருவார். வெயில் அவர் தோளைத் தாண்டி நேரே ஏட்டில் விழும். கண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் வெளிச்சம் உள்ளே வருகிற வழியில் குரல் வெளியே போவதில்லை. குரல் வாய் பார்த்த பக்கம்தான் போகும்.

சன்னலுக்கு வெளியே நின்றது மூக்கன். சேரிக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று அங்கே பலகை எதுவும் இல்லை. பலகை தேவைப்படவில்லை. மலையடியில் கல் உடைத்துவிட்டு வருகிறவன், மேல்தூசியைத் தட்டிக்கொண்டு சன்னலோரம் நிற்பான். வாத்தியார் தலையை நிமிர்த்தும்போது காதில் விழும், குனியும்போது விழாது. ஒரு பேச்சின் முன்பாதி கிடைக்கும், இன்னொரு பேச்சின் பின்பாதி கிடைக்கும். நடுவில் உள்ள பள்ளத்தை, வீட்டுக்கு நடந்து வரும் வழியில், தனக்குத் தெரிந்த கல்லையும் மண்ணையும் போட்டு அவனே நிரப்புவான்.

அழகி களியைக் கிளறி இறக்கினாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். அதன் பிறகு அவள் கைக்குப் புத்தகம் வந்ததில்லை. உப்பும் மிளகாயும் மடித்து வரும் காகிதத்தைப் பிரித்துப் படிப்பாள். எந்தக் கதையும் ஓரத்தில் கிழிந்துதான் இருக்கும்.

“எனக்கு அரைக் கதை சலிச்சுப்போச்சுய்யா” என்றாள். “அந்தப் புத்தகத்தை ஒரு தடவை வாங்கிட்டு வா. முழுசா படிச்சுப் பாத்துக்கிறேன்.”

“நம்மகிட்ட குடுப்பாகளா?”

“கேட்டாத்தானே தெரியும்.”

வாசகசாலையில் அதற்கு ஒரு முறை இருந்தது. புத்தகம் ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் பலர். வாத்தியார் ஒரு வழி செய்திருந்தார். படித்து முடித்ததும் அவரவர் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். எது சபைக்குப் பிடிக்கிறதோ, சொன்னவர் வீட்டில் புத்தகம் அடுத்த வெள்ளி வரை இருக்கும். தீர்ப்பு ஆண்டியப்பனுடையது. தூங்கி வழிகிறவர்கள்கூட இதனால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்த வெள்ளியன்று ஒரு சிக்கல். முந்தின வாரம் மாரியம்மன் திருவிழா. கூடத்துக்கு வந்த ஒன்றிரண்டு பேரும் பாதியில் எழுந்து போக, வாத்தியார் மட்டும் முறை தவறாமல் படித்து முடித்திருந்தார். புது அத்தியாயம் தொடங்குமுன் பழைய அத்தியாயத்தை யாராவது சொல்ல வேண்டும் என்பதும் வாத்தியாரின் முறைதான்.

“போன வாரம் கடைசி வரைக்கும் யாருப்பா இருந்தீங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் ராக்கன் சிரித்தார். “சன்னல்ல ஒருத்தன் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறானே, அவனைக் கேளுங்க வாத்தியாரே.”

கேலியாகச் சொன்னது. வாத்தியார் திரும்பிப் பார்த்தார். “நீ இருந்தியா மூக்கா? அப்பச் சொல்லு.”

மூக்கன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொல்லத் தொடங்கினான். சாமுவேல் ரயிலடியில் மூட்டை தூக்குகிறான். நல்ல வெயில். வெள்ளைக்காரர்கள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு அவன் போகக்கூடாது.

“கெணத்துக்கிட்ட தள்ளி நிக்கிறான்ங்க. கயித்தைத் தொடக் கூடாதுல்ல. யாராச்சும் வந்து எறைச்சு ஊத்தணும். ஒரு அம்மா வந்து உசரத்துல இருந்து ஊத்துது. ரெண்டு கையையும் குவிச்சுக் குடிக்கிறான்ங்க. குடிச்சது பாதி, முழங்கை வழியாப் போனது பாதி. தாகம் அடங்குறதுக்குள்ள அந்த அம்மா கொடத்தைத் தூக்கிட்டுப் போயிருது. இன்னுங் கொஞ்சம்னு கேக்க அவனுக்கு வாய் வரலைங்க.”

ஆண்டியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம்யா அந்தப் பய. அங்கிட்டு உள்ளவனுக்கு ஈரமே இல்லையா?”

வாத்தியார் மட்டும் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “மூக்கா, இது இதுல இல்லையே. ரயிலடியில ரெண்டு குழாய் இருந்துச்சு, வெள்ளைக்காரங்களுக்கு ஒண்ணு, கறுப்பங்களுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் இருக்கு.”

“பய அமெரிக்காவுக்கே நேர்ல போயிட்டு வந்துட்டான்” என்றார் ராக்கன். கூடம் சிரித்தது.

மூக்கன் தலையைச் சொறிந்தான். “பாதிதாங்க காதுல விழுந்துச்சு. நீங்க வெளிச்சத்துக்காக முதுகு காட்டி உக்காருறீங்க. மீதியை நானே வச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சதை வச்சேன். பொருந்திருச்சுங்க.”

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. அந்தக் கூடத்துக்குப் பின்னாலேயே ஊர்க் கிணறு இருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாத்தியார் எழுந்து நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். இடது தோள் சன்னல் பக்கம் வந்தது. வெளிச்சம் ஏட்டில் விழத்தான் செய்தது. இத்தனை நாள் அப்படிப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மூக்கன் முதன்முறையாக ஓர் அத்தியாயத்தைப் பள்ளமில்லாமல் கேட்டான். அதில் கண்மாய் இல்லை. அவனுக்கு ஒருவகையில் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

படித்து முடித்ததும் வாத்தியார் அபிப்பிராயம் கேட்டார். ஆண்டியப்பனே தொண்டையைச் செருமினார். “இன்னைக்கு அபிப்பிராயம் மூக்கன் சொன்னதுதான். முறைன்னா முறை.”

“அவனுக்குப் படிக்கத் தெரியாதேண்ணே” என்றார் ராக்கன். இப்போது அது கேலியாக இல்லை.

“எங்க வீட்டுல படிக்கும்ங்க” என்றான் மூக்கன்.

ஆண்டியப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சன்னலுக்கு வந்தார். சன்னல் கட்டையின் மேல் வைத்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

அவர் கடையிலும் அப்படித்தான். எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு நகருவார், பிறகு மூக்கன் எடுத்துக்கொள்வான். அதில் கோபமோ வெறுப்போ கிடையாது. கை அப்படிப் பழகியிருந்தது. மூக்கனின் கையும் அப்படியே பழகியிருந்ததால் அது தானாகச் சன்னலை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது.

எடுக்காவிட்டால் புத்தகம் போய்விடும். அழகியின் முகம் நினைவுக்கு வந்தது. வாசலில் நின்றுகொண்டு, வாங்கியதும் கேட்பாள்: எப்படிக் குடுத்தாக? அவளிடம் அந்தப் பாதியையும் தானே நிரப்பிச் சொல்ல வேண்டுமா?

“ஐயா” என்றான் மெல்ல. “சாமுவேலு இங்க வந்து நின்னா எப்படிக் குடுப்பீங்க?”

ஆண்டியப்பனுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் துண்டில் சாமுவேலுக்காக வந்த ஈரம் இன்னும் காயவில்லை. திரும்பிச் சபையைப் பார்த்தார். சபை தரையைப் பார்த்தது. கட்டையிலிருந்த புத்தகத்தை மறுபடி எடுத்தார். ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு, சன்னல் கம்பிகளுக்கு இடையே மறுமுனையை நீட்டினார். மூக்கன் அந்த முனையைப் பிடித்தான். புத்தகம் ஒரு சாண் நீளம் இருக்கும். கைக்கும் கைக்கும் நடுவே அந்த ஒரு சாண் இடைவெளியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவன் நன்றாகப் பிடிக்கும் வரை தம் பிடியைத் தளர்த்தவுமில்லை.

“மழை கிழை படாமப் பாத்துக்க” என்றார்.

“பாத்துக்கிறேனுங்க.”

வீட்டு வாசலில் அழகி கையைக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். அட்டையைத் தடவினாள். திறக்கவில்லை.

“எப்படிய்யா குடுத்தாரு?”

மூக்கன் சொன்னான். கட்டையில் வைத்ததைச் சொன்னான். தான் கேட்டதையும், ஒரு சாண் புத்தகம் நடுவில் இருந்ததையும், அவர் பிடியைத் தளர்த்தாமல் நின்றதையும் சொன்னான்.

அழகி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல நீயா சேர்த்தது எவ்வளவு?”

“ஒண்ணும் சேர்க்கல.”

“அந்த ஒரு சாணு?”

“அதுவும் உள்ளதுதான்.”

“சரி” என்றாள் அவள். மிச்சமிருந்த வெளிச்சத்துக்கு வாகாக, அவனைப் பார்த்தாற்போல உட்கார்ந்து, முதல் ஏட்டைத் திறந்தாள்.