வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

நாற்காலிக்கு நேராக வந்ததும் குதிரைக்குட்டி மறுபடியும் நின்றது.

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்றான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்.

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா நின்னுச்சு."

"சும்மாவா நிக்கும்? நீ முன்னால போயிருப்ப. அதோட தோள்பட்டையைத் தாண்டி நீ முன்னால போனா அது மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தின மாதிரின்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். முன்னால் போனதாகத் தெரியவில்லை. ஆனால் சொல்கிறவன் இதே மணலில் நின்று வருஷக்கணக்காகக் குதிரை பழக்கியவன், கட்டின புருஷன் வேறு. அவளோ அந்த வருஷமெல்லாம் தீவனம் கலக்கி, லத்தி அள்ளி, குதிரை தேய்த்தவள். தனக்கே தெரியாமல் கால் போயிருக்கும் போலிருக்கிறது என்று நம்பிவிட்டாள். தன் காலையே நம்ப முடியாமல் போனால் மனுஷி எதைத்தான் நம்புவாள்?

வேலை என்னவோ பார்க்கச் சுலபமானதுதான். இன்னும் யாரும் முதுகில் ஏறாத குட்டியை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். அது சுற்றிவர வேண்டும். கயிறு ஒரு கையில், நீளச் சாட்டை மறு கையில். சாட்டை அடிக்க இல்லை, பின்னாலிருந்து 'போ' என்று காட்ட மட்டும். குரலுக்கு நடக்கவும் ஓடவும் நிற்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் சேணம், சவாரி எல்லாம். அதிலும் ஒரு கூத்து உண்டு. இடப்பக்கம் சுற்றப் பழகிய குட்டிக்கு வலப்பக்கம் அறவே தெரியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு பெரிய குதிரை சறுக்கி அவன் மேலேயே விழுந்தது. இடுப்பில் தகடு வைத்தார்கள். ஊன்றுகோல் வைத்து நடக்கலாம், குதிரையோடு மல்லுக்கட்ட முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். லாயத்துக்குச் சொந்தக்காரியான முதலாளியம்மா நல்ல மனுஷிதான். ஆனால் லாயத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீடு, குதிரை பழக்குகிறவருக்கு என்று உள்ளது. "வெளியிலிருந்து ஒரு ஆளை வரச் சொல்லலாமான்னு பாக்கறேன்" என்று அவர் இழுத்தபோது, எந்தப் பேய் பிடித்ததோ, "நானே பழக்கறேம்மா" என்று இவள் வாயை விட்டுவிட்டாள். முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகவும், குட்டி இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சுற்றி, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இல்லையென்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் அது.

குட்டிக்கு அவன் வைத்த பெயர் சம்பந்தியம்மா. தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்துக் குதிரைக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டால் அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது. விழுவதற்கு முன்னால் அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பழக்கியவன் அவன்தான்.

இடையில் ஒருநாள் லாடம் அடிப்பவரின் வண்டியில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அன்றைக்கு சம்பந்தியம்மா இடப்பக்கமும் வலப்பக்கமும் சுற்றிய சுற்றைப் பார்க்க வேண்டுமே! நடை என்றால் நடை, ஓட்டம் என்றால் ஓட்டம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வந்து இறங்கியதும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"நான் இல்லாதப்ப ராஜநடை, நான் வந்தா சண்டித்தனமா? நல்லா இருக்கே கதை" என்றான்.

மறுநாள் அவனுக்கு எதிரில் கதை பழையபடி ஆனது. நாற்காலியின் சிவப்பு நிறம் பிடிக்கவில்லையோ என்று சாக்கைப் போர்த்தினார்கள். சாக்குக்கு எதிரில் நின்றது. நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டார்கள். அங்கே போய் நின்றது. நாற்காலியே வேண்டாம் என்று அவன் வேலியில் சாய்ந்து நின்றான். வேலியருகில் நின்றது. "இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றான் அவன். தனக்குத்தான் பிடித்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. இரவெல்லாம் வட்டம் தலைக்குள் சுற்றியது. குட்டிக்கு அவனைக் கண்டால் பயமா? இல்லை, அவன் பார்க்கிறான் என்று தனக்குத்தான் கயிறு பிசகுகிறதா?

வெள்ளிக்கிழமை, குதிரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அவள் அவனைப் பார்த்தாள். சம்பந்தியம்மா அவன் பக்கமாக வர வர அவன் முதுகு நாற்காலியிலிருந்து எழும்பியது. இடது தோள் முன்னால் வந்தது. வெறும் கை, குதிரையை நிறுத்தும்போது கயிற்றைச் சேர்த்துப் பிடிப்பது போல மெல்ல மூடியது. குட்டி நின்றது. பிறகுதான் அவன் பின்னால் சாய்ந்து, "மறுபடி முன்னால போய்ட்ட பார்" என்றான்.

அடப்பாவி மனுஷா, என்று அவள் வாய்வரை வந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது? நீ வேண்டாம் என்று சொல்வதா, நீதான் எல்லாம் என்று சொல்வதா? இரண்டும் ஒரே விஷயமாக இருந்து தொலைத்தது.

சாயங்காலம் பிரஷ்களைக் கழுவும்போது, பார்த்ததை அவனிடம் சொன்னாள்.

"அப்ப நான்தான் கெடுக்கறேன்னு சொல்ற" என்றான் அவன்.

"கெடுக்கறீங்கன்னு எங்க சொன்னேன்? அது உங்க பேச்சைக் கேக்குது."

"நான் வாயே திறக்கலயே."

"அதைத்தாங்க சொல்றேன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. மறுநாள் காலை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல்நாள் உட்கார்ந்த பிள்ளை போல அசையாமல் இருந்து பார்த்தான். குட்டி அவனருகே வந்து வேகம் குறைத்து, அவன் மூச்சை மோப்பம் பிடித்து, நின்றது. அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தீவன அறைக்குப் பின்னால் போய்விட்டான். சம்பந்தியம்மா ஓடியது, அப்படி ஓடியது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஓடுதா?" என்று சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓடுதுங்க."

"வலப்பக்கம்?"

"அதுவும்."



ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். குட்டி இடப்பக்கம் சுற்றியது. கயிற்றை மாற்றிப் பிடித்து வலப்பக்கமும் விட்டாள். முதலாளியம்மாவின் புருவம் ஏறியது. "பரவாயில்லையே! எங்க அவரு? இதைப் பார்க்காம எங்க போனாரு?" என்றவர், இவள் வாயைத் திறப்பதற்குள் தீவன அறைப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டுவிட்டார்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். கயிறு கையில் வழுக்கியது. அவன் அறையின் மூலையைத் தாண்டி வந்தான். வேலியைப் பிடித்தான். குட்டி சுற்றிவருவதற்குள் உடம்பை மெதுவாகத் திருப்பி, வட்டத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான்.

"என்னப்பா, அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கற?"

"காதால கேக்கறேம்மா. கேட்டாலே தெரியும்."

சம்பந்தியம்மா அவனைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. மறுபடியும் தாண்டிப் போனது. அவன் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. மனுஷன் மூச்சு விடுகிறானா இல்லையா என்றே தெரியவில்லை.

"சரி. இப்ப நிறுத்திக் காட்டு. அது போதும் எனக்கு" என்றார் முதலாளியம்மா.

குட்டி அவனை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று அவள் காத்திருக்கலாம். ஆனால் முதலாளியம்மாவின் கண் அவள் மேலேயே இருந்தது. "நில்லு" என்றாள். அதே நொடியில், முதுகு காட்டி நின்றவனின் தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. பல நாளாக அடக்கியிருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது.

குட்டி நின்றது. நான்கு கால்களும் மணலில் சதுரமாக ஊன்ற, ஓர் அங்குலம்கூட நகராமல் நின்றது.

"நின்னுச்சா?" என்றான் அவன், திரும்பாமலே.

அவள் கயிற்றைத் தளர்த்தினாள். சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சியது. அதன் ஒரு காது வட்டத்தின் நடுவே அவளை நோக்கித் திரும்பியிருந்தது. மற்றொரு காது, வேலிக்கு அப்பால் நின்ற அந்த முதுகை நோக்கி.