தம்பிக்கு இரண்டு அங்குலம்

பிழை என்னுடையதுதான். எங்கள் அச்சுக் கடைக் கணினியில், பத்தடி அகலப் பிளெக்ஸ் துணிக்குள் இரண்டு பெனர்களை நெருக்கி அடுக்கியிருந்தேன். ஒரு பக்கம் இஷாமின் புரியாணிக் கடைத் திறப்பு விழா. மறுபக்கம் குருக்கள்மடம் யோகராசாவின் கண்ணீர் அஞ்சலி. அஞ்சலியை நிமிர்த்தி வைக்க இடம் போதவில்லை, படுக்கப் போட்டேன். அதன் கடைசி வரி பிளெக்ஸின் ஓரத்தை ஒட்டி விழுந்தது. புது மெசின் ஓரத்தில் அரை அங்குலம்தான் வெறுமையாக விடும். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஒன்றரை மணிக்குப் புது மெசின் மை கக்க மறுத்துவிட்டது. பழையது ஓரங்களைத் தகட்டால் அழுத்திப் பிடிக்கிற ரகம். தகட்டின் கீழ் இரண்டு அங்குலத்துக்கு மை விழாது; திரையில் அந்த எல்லையை ஒரு சிவப்புக் கோடு காட்டும். அந்த இரண்டு அங்குலத்துக்குள் கிடந்தது ஒரே வரி: ‘அன்புச் சகோதரர் நல்லரத்தினம்.’

நல்லரத்தினம் எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

பெனர் அவருடைய செலவு. குடும்பத்தார் பெயர்களை இறந்தவரின் மகள் தனுஷா வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதில் சித்தப்பா நல்லரத்தினத்தின் பெயர் இல்லை. வயல் வரம்பு ஒன்றுக்காக அண்ணனும் தம்பியும் பதினொரு வருடம் பேசவில்லை. கடைசி வரியை அவரே சொல்லிப் போடுவித்தார். நான்கு மணிக்குப் பிரேதம் எடுப்பார்கள். இப்போது இரண்டேகால். கடையில் மிச்சமிருந்த பிளெக்ஸும் அந்தத் துண்டு மட்டும்தான்.

முதலாளி முத்தலிப் நானா என் காதருகே குனிந்தார். “அப்பிடியே அடி. வீட்டாக்கள் தராத பேர்தானே. கேட்டா மெசின் வெட்டிட்டெண்டு சொல்லு.”

“மெசினுக்கு வாயில்ல நானா.”

“அதுக்குத்தான் பழிய மெசின்ல போடச் சொல்றன்.”

கதிரை கிரீச்சிட்டது. “என்ன மனே, சிவப்புக் கோட்டுக்கு வெளிய நிக்கிறது என்ட பேரா?”

பொய் சொல்ல வாய் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. “ஓம் ஐயா. மேல ஏத்தலாம். ஆனா அண்ணன்ட படத்த ரெண்டு அங்குலம் சின்னனாக்கணும்.”

அவர் திரையில் சிரித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

“வரம்பு போதாதெண்டு இதயும் பிடிச்சிட்டான் எண்டுவாங்க. நீ மச்சாளிட்டக் கேளு.”

“நான் கேக்கேலாது ஐயா. நீங்கதான் கேக்கணும்.”

கைபேசியை அவர் மூன்று தரம் எடுத்து மூன்று தரம் வைத்தார். இரண்டு முப்பத்தொன்று. கடைசியில் நானாவே அதை வாங்கி, திரையில் நின்ற இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்தார்.

“மச்சாள், நான் நல்லரத்தினம்.”

மறுமுனையில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். யோகராசாவின் மனைவி கேதீஸ்வரியின் குரல் அழவில்லை. அவர் விடயத்தைச் சொல்லி முடித்தார்.

“அவர்ட படம் குறையட்டும். உயிரோட இரிக்கக்குள்ள விட்டுக் குடுக்காத மனிசன், இப்ப குடுக்கட்டும். நீங்க வாறீங்களா, பேர மட்டும் ஆட்டோவில அனுப்புறீங்களா?”

நல்லரத்தினம் தன் சிவப்புச் சேட்டின் பொத்தானைத் திருகினார்.

“பேர் மட்டுமெண்டா வேணாம்,” என்று வைத்துவிட்டாள்.

நான் அவரைப் பார்த்தேன். நானா என்னைப் பார்த்தார். இரண்டு நாற்பது. அடிக்கவா, அழிக்கவா என்று தெரியாமல் மவுஸைப் பிடித்தபடி இருந்தேன்.

“சின்னனாக்கு,” என்றார் நல்லரத்தினம்.

யோகராசாவைச் சுருக்கினேன். பழைய மெசின் முக்கி முனகி ஓடத் தொடங்கியது. பெனர் படுத்திருந்ததால் பெயர் எழுத்தெழுத்தாக வெளியே வந்தது. ‘நல்’ வந்ததும் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது. மூன்று பேரும் மூச்சு விடவில்லை. பிறகு மிச்சமும் வந்தது, தகட்டுக்கு அரை அங்குலம் உள்ளே.

மூன்று பத்துக்கு வெட்டி எடுத்தோம். மை காயவில்லை. நல்லரத்தினம் தன் சேட்டைக் குனிந்து பார்த்தார். செக்கச்செவேலென்ற சேட்டு, செத்த வீட்டுக்குப் போவதாக இருந்தால் எவனும் உடுத்தமாட்டான்.

“வெள்ளச் சேட்டு ஒண்டு இரிக்கா?”

கடையில் இருந்தது ஒன்றுதான், வேலையாட்களின் சீருடை. அவர் அதை மாட்டிக்கொண்டு, ஈரப் பெனரை இரு கைகளிலும் ஏந்தி ஆட்டோவில் ஏறினார். முதுகில் எங்கள் தொலைபேசி இலக்கமும், ‘எதையும் அச்சிடுவோம்’ என்பதும் தெளிவாகத் தெரிந்தன.