பதினெட்டுக் கரட் மணிக்கட்டு

கல்முனைக் கடைத்தெருவில் பழைய கைக்கடிகாரங்களுக்கு மதிப்புச் சொல்லும் நூஹு காக்காவின் இடது மணிக்கட்டு, பெற்றோல் வரிசை நின்ற வருடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் பொன்னாக மாறியது. நாலு விரல் அகலம், பதினெட்டுக் கரட். அன்று பவுன் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததால் கீரிமீன்கூட ஏழைக்கு எட்டவில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாருக்கும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை.

நூஹு காக்கா சாய்ந்தமருதுக்காரர். கல்முனையில் துணிக்கடை ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் விளக்கும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் இருந்தவர். தெருவுக்கு அந்தப் பக்கம் மர்சூக்கின் கடை. கட்டார், குவைத் போய்த் திரும்பியவர்களின் கடிகாரங்களும், மௌத்தானவர்களின் அலுமாரியிலிருந்து வந்தவையும் அவனுடைய கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். மர்சூக் நல்லவன்தான், ஆனால் வியாபாரி. தன் பெட்டிக்குள் இருப்பது எல்லாம் அசல் என்று மனதார நம்புகிறவன். அதனால் அவனிடம் வாங்க வருகிற எவரும் காசை எடுக்குமுன் கடிகாரத்தைக் கையில் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்து நூஹு காக்காவிடம் வருவார்கள். அவர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டி முதலில் டயலைப் பார்ப்பார். எழுத்து தடித்திருந்தால், நிமிடக் கோடுகள் கோணினால், அது யாரோ பிற்காலத்தில் வர்ணம் பூசியது. பிறகு பின்மூடியைத் திறந்து மெசினும் கூடும் ஒரே காலத்துச் சாமானா, திருகாணித் தலைகளை எத்தனை பேர் கீறியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். கடைசியாகப் பட்டி மாட்டும் கொம்புகளின் ஓரத்தை விளக்குக்கு நேரே பிடிப்பார். பொன் பூச்சு என்றால் முதலில் தேய்வது அங்கேதான், உள்ளேயிருக்கும் பித்தளை எட்டிப் பார்க்கும். வாங்க வந்தவருக்கோ இதெல்லாம் இரண்டாம் பட்சம். "காக்கா, இது கட்டலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. மார்க்கப்படி ஆண்பிள்ளைக்குப் பொன் ஆகாது, பூச்சு என்றால் பரவாயில்லை என்று ஊரில் வைத்திருந்தார்கள். ஆகவே நூஹு காக்கா பூச்சு என்று சொன்னால் விலை விழும், மனம் ஆறும். பொன் என்று சொன்னால் விலை ஏறும், முகம் வாடும். மௌலவிமாருக்குள் கருத்து வேற்றுமை வந்ததுண்டு, நூஹு காக்காவின் சொல்லில் யாரும் வேற்றுமை கண்டதில்லை.

மணிக்கட்டு பொன்னானதற்கு மூன்று வருடத்துக்கு முன், கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுவாரம், ஸகியா என்கிற பெண் தன் கணவன் முபாறக்கின் கடிகாரத்தைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு மர்சூக்கின் கடைக்கு வந்தாள். முபாறக் கட்டாரில் சாரதியாக இருந்தவன். நாடு திரும்பும் நாளில் முதலாளி தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது அது. பதினெட்டு வருடம் கட்டினான். பொன்னா என்று மனைவி கேட்கும்போதெல்லாம் பூச்சு என்றான், ஆனால் ஒரு நாளாவது அதை நூஹு காக்காவிடம் காட்டவில்லை. இதற்காகவே வீட்டில் சண்டை வந்து எத்தனையோ நாள் சோறு ஆறியிருக்கிறது. மர்சூக், காக்கா பார்க்காமல் நான் வாங்கமாட்டேன் என்று அவளைத் தெருவுக்கு இந்தப் பக்கம் அனுப்பிவைத்தான்.

"விலைய உடுங்க காக்கா," என்றாள் ஸகியா. "மௌத்தான மனிசன் கட்டினது பொன்னா பூச்சா, அத மட்டும் சொல்லுங்க."

கொம்புகளின் ஓரத்தில் பித்தளை இல்லை. மூடிக்குள் கடுகளவில், பதினெட்டுக் கரட்டுக்கு அடையாளமான 750 என்ற எண் இருந்தது. டயலைத் தொட்டவர் இல்லை, திருகாணித் தலைகள் கன்னியாக இருந்தன, மெசினைப் பார்த்தால் நேற்றுத்தான் சுவிஸில் மூடியது போலிருந்தது. முப்பது வருடம் பிறர் சாமானைப் பிறருக்காகத் தடவிப் பார்த்த கை அது. அதற்குள் இப்படியொன்று வந்ததே இல்லை. கொழும்பில் கொடுத்தால் பத்து இலட்சத்துக்குக் குறையாது என்று அவருக்கு உருப்பெருக்கியைக் கழற்றுமுன்பே தெரிந்துவிட்டது. "பூச்சுதான் தங்கச்சி," என்றார். அவள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். விலை போச்சே என்று அழுதிருந்தால் அவருக்கு அந்த இடத்திலேயே வாய் திறந்திருக்கும். அவளோ, அல்ஹம்துலில்லாஹ், எண்ட மனிசன் எனக்குப் பொய் சொல்லல்ல என்று சந்தோஷத்தில் அழுதாள். மர்சூக்கிடம் பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்டு போனாள். அந்திக்குள் நூஹு காக்கா இருபத்தையாயிரத்தைக் கொடுத்து அதை மர்சூக்கிடமிருந்து வாங்கிவிட்டார். காக்காவுக்கு வயதுபோன நேரத்தில் ஓர் ஆசை என்று மர்சூக் நினைத்துக்கொண்டான்.

வாங்கினாரே தவிர, கட்ட முடியாது, அது பொன். விற்கவும் துணிவு வரவில்லை. பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு அலுமாரியில் பூட்டிவைத்து, ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பார். பார்த்தால் ஆசையும், பூட்டினால் வெட்கமுமாக நாள் போயிற்று. ஸகியாவின் ஒழுங்கை வழியாகப் போவதை விட்டார். அவளோ, என் மனதை ஆற்றிய மனிதர் என்று ஒவ்வொரு நோன்பிலும் ஒரு வாளிக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது, தான் எவ்வளவு கீழானவன் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்துகொண்டே குடித்தார். பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கதவைத் தாழிட்டுவிட்டு, எப்படியிருக்கும் என்று பார்க்க மட்டும், கால் மணி நேரம் கையில் கட்டினார். கழற்றியபோது அடியிலிருந்த தோல் பொன்னாக இருந்தது. உள்ளே நாடி வழக்கம்போல் அடித்தது. பதினெட்டு வருடம் அதே கடிகாரத்தைக் கட்டிய முபாறக்கின் கை, மௌத்தானபின் அவன் மையித்தைக் குளிப்பாட்டியவர்கள் சொன்னபடி, எல்லாரையும் போல வெறும் கையாகத்தான் இருந்தது. ஆகவே கடிகாரத்தின்மேல் பழியைப் போடவும் அவருக்கு வழியில்லை.

வாழ்நாளில் இன்னொருவரிடம் மதிப்புக் கேட்காத மனிதர், கல்முனையில் நகைவேலை செய்யும் அழகரெத்தினத்திடம் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினார். அழகரெத்தினம் அந்த மணிக்கட்டைக் கல்லில் உரசி, அமிலத்தில் ஒரு சொட்டு விட்டு, தலையை ஆட்டினார். "பதினெட்டு. நல்ல சாமான். ஆனா காக்கா, இத நான் எப்பிடிக் கழட்டுற?" என்றார். கூலி வாங்கவில்லை.

அன்றிலிருந்து, எரிக்கும் வெயிலிலும், நூஹு காக்கா முழுக்கைச் சட்டைக்குப் பித்தான் பூட்டினார். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவும் வுழுவை வீட்டிலேயே எடுத்துவிட்டு, தாடி ஈரத்தோடு பள்ளிக்குப் போனார். இப்படி ஏழு வாரம் சமாளித்தார். எட்டாம் வெள்ளி மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, வீட்டுத் தாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளித் தண்ணீர்த் தொட்டியான ஹவுழடியில்தான் குந்த வேண்டியிருந்தது. முழங்கை வரை கழுவாமல் வுழு ஏது? சட்டைக் கையைச் சுருட்டினார், வெயில் மணிக்கட்டில் விழுந்தது, ஹவுழைச் சுற்றியிருந்த முப்பது பேரும் பார்த்தார்கள். ஒருவரும் கூச்சல் போடவில்லை. பாங்கு சொல்லும் மோதினார்தான் குனிந்து, வாழ்க்கை முழுக்கப் பிறர் கடிகாரத்தைக் காட்டி நூஹு காக்காவிடம் கேட்ட கேள்வியை அவர் கையைக் காட்டியே கேட்டார்.

"காக்கா, இது பொன்னா பூச்சா?"

"பூச்சு," என்றது நாக்கு.

உடனே எல்லாரும் முகத்தைத் திருப்பித் தங்கள் காலைக் கழுவத் தொடங்கினார்கள். நூஹு காக்கா சொன்னால் சரி. அவர்கள் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், நம்பியதைத்தான் தாங்கமுடியவில்லை. மோதினார் அன்பாகவே சொன்னார்: "பூச்செண்டா தண்ணி தோல்ல படாது காக்கா. வுழு சேராது. சுரண்டிப்போட்டு வாங்க." சுரண்டுவதற்கு என்ன இருக்கிறது? செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே குத்பாப் பிரசங்கம் தொடங்கியது. புத்தி தெரிந்த நாளிலிருந்து அவர் ஜும்ஆவை விட்டது அன்றுதான். தன் வாயாலேயே தன்னைப் பள்ளியிலிருந்து தள்ளிவிட்டோம் என்று, ஆண்கள் யாருமில்லாத அந்தத் தெருவில் அழுதுகொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் போய்ப் பிஸ்கட் தகரத்தை எடுத்துக்கொண்டு நேராக ஸகியாவின் ஒழுங்கைக்குப் போனார். அவள் முன்னறையில் அபாயா தைத்துக்கொண்டிருந்தாள். காக்காவைக் கண்டதும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒரு கணக்கு அவரைத் தின்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கடிகாரம் கிடைக்கும், ஆனால் ஆறின மனம் போய்விடும். பொய்யைச் சொன்னவன் என்று இரண்டு பேர் அவள் முன்னால் நிற்பார்கள், அதில் ஒருவன் மண்ணுக்கடியில் கப்றில் இருக்கிறான். சொல்லாமல் வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று வாசலில்கூட யோசித்தார். பிறகு தகரத்தைத் தையல் மெசினில் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டைக் காட்டினார்.

"அண்டைக்கு நான் சொன்னது பொய் தங்கச்சி. அது பூச்சில்ல."

"அப்ப பொன்னா?"

"ஓம்."

ஸகியா அவர் கையையும் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள். கையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. மெசினில் மாட்டியிருந்த நூலை அறுத்தாள்.

"காசப் பத்தி நான் கதைக்கல்ல காக்கா. மூணு வரிசமா அஞ்சு வக்தும் தொழுதுட்டு அவருக்குத் துஆக் கேக்கிறன். ஏசினது, கை நீட்டினது, நோம்பு உட்டது, எல்லாத்தையும் ஒவ்வொண்டாச் சொல்லி மன்னிச்சிரு ரப்பே எண்டு கேட்டன். பொன் கட்டினத மட்டும் கேக்கல்ல. நீங்க பூச்செண்டு சொன்னீங்க, அதால உட்டுட்டன்."

தான் திருடியது என்ன என்று நூஹு காக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து இலட்சம் என்று அவர் போட்டிருந்த மதிப்பு எவ்வளவு அற்பம்! முப்பது வருடத்தில் அவர் செய்த பெரிய பிழை அந்த மதிப்புத்தான்.

"இனி நான் கேப்பன்," என்றாள் ஸகியா. "நான் கேக்காம உட்ட அந்த மூணு வரிசத்துக்கு அவருக்காக நீங்க கேளுங்க."

அன்றைய அஸர் தொழுகைக்கே ஹவுழடியில் குந்தி, மோதினாரைக் கூப்பிட்டு, பொன்தான், உள்ளும் பொன்தான், நடந்தது இது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். சிலர் இரண்டு வாரம் ஸலாம் சொல்லவில்லை. மௌலவி மார்க்கக் கிதாபுகளைப் புரட்டிவிட்டு, பூச்சு அல்ல என்றால் அது அவருடைய உறுப்பு, மேலால் கழுவினால் வுழு சேரும், மனிதன் மாட்டாததைக் கழற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்புக் கொடுத்தார். கடிகாரத்தை இப்போது ஸகியாவின் மகள் றிப்னா கட்டுகிறாள், பெண்பிள்ளைக்குப் பொன் ஆகும். அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள், நேரம் பிசகுவதில்லை. நூஹு காக்காவின் மேசைக்கு ஆட்கள் திரும்பவும் வரத் தொடங்கினார்கள். நான் ஒருக்காப் பொய் சொன்னவன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர் உருப்பெருக்கியை மாட்டுவார். அவர்களும் தெரியும் காக்கா, பாருங்க என்பார்கள்.

அவள் சொன்ன மூன்று வருடம் போன வருடம் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. கையும் மாறவில்லை. தொழுகை முடிந்து எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழும்பிப் போன பிறகும் அவர் இரண்டு கைகளையும் ஏந்தியபடி இருப்பார். முபாறக்கின் பெயரைச் சொல்லிக் கேட்டு முடித்துவிட்டுத் தன் பெயருக்கு வரும்போது வெட்கம் வாயைக் கட்டிவிடும், இன்றுவரை அதற்கு மேல் போனதில்லை. அதற்குள் கால் மரத்துவிடும், தனியாக எழும்ப முடியாது. பள்ளியில் மிஞ்சி நிற்கும் யாராவது ஒருவர் அந்த இடது மணிக்கட்டைப் பிடித்துத்தான் தூக்கிவிடுவார். வெயில் காலத்தில் அது நல்ல குளிர்ச்சி என்று சொல்கிறார்கள்.